மகுடம் நின்ற பிறகு

மார்ச் 18, செவ்வாய்

டாக்டர் ஜெபக்கனி எழுதச் சொன்னதால் இந்த நோட்டு. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதியதெல்லாம் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் பதிவேட்டில்தான். மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், கீழே கொம்பையா என்று ஒரு கையெழுத்து.

தாலுகா ஆஸ்பத்திரிக்குச் செவ்வாய்தோறும் மனநல டாக்டர் வருவார். பத்து மாதமாகப் போகிறேன். இன்று மாத்திரை வாங்க மட்டும் போகவில்லை. மே ஒன்பதாம் தேதி எங்கள் சுடலைமாடன் கோயில் கொடை விழா. நான் சாமியாடி. ஆடலாமா என்று கேட்கப் போனேன். கூடாது என்றுதான் சொல்வார் என நினைத்திருந்தேன். சொல்லவில்லை.

"சாமி வரும்போது ஒங்களுக்கு எப்படி இருக்கும் அண்ணாச்சி?" என்று கேட்டார்.

நாற்பத்தாறு வயதில் இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. "மகுடம் அடிப்பாங்க டாக்டரம்மா. அந்த அடி மொதல்ல உள்ளங்கால்ல கேக்கும். பெறவுதான் காதுல" என்றேன். அதை அப்படியே என் சீட்டில் எழுதிக்கொண்டார்.

"எத்தன மணி நேரம் தூங்குனீங்க, மாத்திர போட்டீங்களா, மனசு எப்படி இருந்துச்சு. இந்த மூணையும் தெனமும் எழுதுங்க. மத்தத நீங்க எழுதுனாலும் சரி, எழுதாட்டியும் சரி. கொடைக்கு முன்னாடி அதப் பாத்துட்டுப் பேசுவோம்."

தூக்கம் 7 மணி. மாத்திரை போட்டேன். மனம் சரி.

மார்ச் 19, புதன்

காலை ஆறு மணிக்கு வால்வு. கீழத்தெருவுக்கு முக்கால் மணி, மேலத்தெருவுக்கு முக்கால் மணி. பிளீச்சிங் பவுடர் தீர்ந்துவிட்டது, பஞ்சாயத்தில் சொல்ல வேண்டும்.

தூக்கம் 7. மாத்திரை போட்டேன். மனம் சரி.

மார்ச் 23, ஞாயிறு

முப்பிடாதி இன்று புளி உடைத்தாள். கூட உட்கார்ந்து கொட்டை எடுத்தேன். இருபது வருடக் குடித்தனத்தில் அவள் அதிகம் பேசியதில்லை. போன வருடத்துக்குப் பிறகு அதிலும் பாதியாகக் குறைந்துவிட்டது.

டாக்டர் இதைப் படிப்பார் என்பதால் போன வருடத்தைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். என் தாத்தா ஆடினார், அப்பா ஆடினார், அப்பாவுக்குப் பிறகு நான். மகுடம் என்பது எங்கள் பக்கத்துப் பறை. இரண்டு சேர்ந்து அடித்தால் சாமி இறங்கும். அடி நின்று, நெற்றியில் திருநீறு விழுந்தால் மலையேறும். போன வருடக் கொடையில் வந்த சாமி மலையேறவில்லை. பதினோரு நாள் என்னிடமே இருந்தது. பதினோரு நாளும் நான் தூங்கவில்லை என்கிறார்கள். ஒன்பதாம் நாள் தம்பி சொரிமுத்துவுக்குத் தோளில் அரிவாள் பட்டது. அது சாமி காரியம். அதில் எழுத ஒன்றும் இல்லை.

தூக்கம் 7. மாத்திரை போட்டேன்.

மார்ச் 27, வியாழன்

டீக்கடையில் சங்கிலி அண்ணனைப் பார்த்தேன். பெரியப்பா மகன், கோயிலுக்குத் தலைவர், அவர் சொன்னால்தான் கொடை. டாக்டர் யோசிப்பதாகச் சொன்னேன்.

"ஆடுதது இருக்கட்டும்லே. மாத்திர தின்ன ஒடம்புல சாமி நிக்குமா?" என்றார்.

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்டார். டீ ஆறிவிட்டது, அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

தூக்கம் 7. மாத்திரை போட்டேன்.

மார்ச் 31, திங்கள்

தூக்கம் 6. மாத்திரை போட்டேன். மனம் நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 3, வியாழன்

கண்ணாடியைத் துடைத்து மாட்டிய மாதிரி இருக்கிறது. தொட்டி மேல் ஏறி நின்றால் வேப்பங்கொழுந்தின் சிவப்பு தனியாகத் தெரிகிறது. பத்து மாதமாக இதையெல்லாம் பார்க்காமல் எங்கே இருந்தேன்?

முப்பிடாதி மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று மூடி வைத்தாள்.

தூக்கம் 5. மாத்திரை போட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மூன்று மணி நேரம் தூங்கினால் போதும் என்பது எவ்வளவு பேருக்குத் தெரியும்? மீதி நேரமெல்லாம் கையில் இருக்கிறது. கோயிலுக்கு வெள்ளையடித்தேன். ஒரே ஆள், ஒரே நாள். சங்கிலி அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு யார் வாங்குனா?" என்றார். நான்தான். பந்தலும் சொல்லிவிட்டேன். போன வருடத்தைப் போல இரண்டு மடங்கு பந்தல். மகுடக்காரர்களுக்கும் போன் போட்டேன், இரண்டு செட் போதாது, நாலு செட். வருகிறவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டாமா? ஊருணி இரண்டு வருடமாகக் காய்ந்து கிடக்கிறது. ஆடு மாடு எங்கே போகும், கொக்கு எங்கே போகும்? சாவி யார் கையில் இருக்கிறது? என் கையில். இதை ஏன் இத்தனை நாள் நான் யோசிக்கவே இல்லை?

தூக்கம் 3. மாத்திரை போட்டேன். மனம் மிக மிக நன்று.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஊருணி! தண்ணீர் முழங்கால் வரை வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, நேரம் இல்லை. இன்று மகுடம் இல்லாமலே உள்ளங்காலில் அடி கேட்டது.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாலு நாள் எழுதவில்லை. கை கனமாக இருக்கிறது, எழுத்து கோணலாகப் போகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஊருணியை நிரப்ப, எட்டாம் தேதி காலையிலிருந்து ஒன்பதாம் தேதி மதியம் வரை மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறேன். மோட்டார் எரிந்துவிட்டது. நிறுத்தச் சொல்லி வந்தவர்களை உள்ளே விடாமல் தொட்டிக் கேட்டைப் பூட்டிக்கொண்டேனாம். முப்பிடாதிதான் டாக்டருக்குப் போன் போட்டிருக்கிறாள். பிறகு கேட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, "நீங்க வார வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்" என்று சொல்லியிருக்கிறாள். ஐந்து மணி நேரம், சித்திரை வெயில் மாதிரி வெயில். அவள் மயங்கிச் சாய்ந்ததைப் பார்த்துத்தான் நான் கேட்டைத் திறந்தேன். அது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். பெரும்பாலும் தூங்கினேன். நேற்று வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 27 முதல் மாத்திரை போடவில்லை. போட்டேன் என்று எழுதியதெல்லாம் பொய்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. ஊரில் ஐந்து நாளாகத் தண்ணீர் இல்லை. பெண்கள் பக்கத்து ஊருக்குக் குடத்தோடு போகிறார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மோட்டாரைச் சரிசெய்ய ஆள் வந்தது. இந்த வட்டாரத்தில் மோட்டார் காயில் கட்டுகிறவன் ஒருவன்தான், என் தம்பி சொரிமுத்து. போன கொடைக்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததில்லை. நான் தொட்டி ரூமுக்குள்ளேயே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கப்பி போட்டு, ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து குழாய்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்றினார்கள். கூட வந்த இரண்டு பேரும் இரண்டு கையாலும் இரும்புச் சங்கிலியை இழுத்தார்கள். சொரிமுத்து வலது கையால் மட்டும் இழுத்தான். இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. எழும்பாத இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பையே சாய்த்து இழுத்தான்.

காயம் ஆறிவிட்டது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

சாயங்காலம் கீழத்தெருக் குழாயில் தண்ணீர் வந்தது.

தூக்கம் 9. மாத்திரை போட்டேன். முப்பிடாதி பார்க்கப் போட்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

டாக்டரிடம் போனோம். சங்கிலி அண்ணன் தானாகவே கூட வந்தார். உள்ளே போனதும், உட்காராமலே சொன்னார்.

"மாத்திர தின்ன ஒடம்புல சாமி நிக்குமான்னு நான்தான் கேட்டேன். இவன் அதக் கேட்டுத்தான் நிறுத்திட்டான். என்னைய நீங்க என்ன வேணாலும் சொல்லலாம்."

"உக்காருங்க பெரியவரே" என்றார் டாக்டர். "எனக்கு ஒங்கக்கிட்ட ஒண்ணு தெரியணும். இவர் அப்பா ஆடுனத நீங்க பாத்துருக்கீங்க. சாமி வந்துட்டுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிடுவீங்க?"

அண்ணன் உட்கார்ந்தார். "மகுடம் அடிச்சா வரும். நின்னா போவும். கூப்பிட்ட நாளைக்கு, கூப்பிட்ட எடத்துல. தண்ணி கேக்கும், திருநீறு கொடுக்கும், புள்ளையளத் தொட்டு வாழ்த்தும். யாருக்கும் ஒரு கீறல் விழாது. எங்க சித்தப்பா ஆடி முடிச்சாருன்னா ஒரு செம்பு மோரக் குடிச்சிட்டு வயலுக்குப் போயிருவாரு."

"போன வாரம் இவருக்கு வந்தது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "மகுடம் இல்லாம வந்துச்சு. கூப்பிடாத நாள்ல வந்துச்சு. நிக்கவும் இல்ல." பிறகு மெதுவாகச் சொன்னார். "போன வருசமும் அது சாமி இல்ல டாக்டரம்மா. ரெண்டாம் நாளே எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் கும்பிட்டுக்கிட்டு நின்னோம்."

டாக்டர், இதைவிட நன்றாகத் தன் புத்தகத்திலும் இல்லை என்றார். சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் எழுதிக்கொண்டார்.

அண்ணன் வெளியே போன பிறகு நான் கேட்டேன். "அப்ப என் தம்பிய வெட்டுனது சாமியா, நோயா?"

"நோய்தான் அண்ணாச்சி. நீங்க வேணும்னு செய்யல. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல." பேனாவை மூடி வைத்தார். "ஆனா எதுவா இருந்தாலும், கை ஒங்க கை. தோள் அவரு தோள். இந்தப் பதினோரு மாசத்துல அவரப் போய்ப் பாத்தீங்களா?"

தூக்கம் 9. மாத்திரை போட்டேன். மனம் எழுதத் தெரியவில்லை.

ஏப்ரல் 16, புதன்

சொரிமுத்து கடை முக்கு வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

இன்று உள்ளே போனேன்.

செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். எண்ணிக்கை விட்டுவிடும் என்று நிமிரவில்லை. சுற்றி முடிக்கும்வரை நின்றேன்.

"என்னண்ணே, மோட்டார் சத்தம் போடுதா?"

"இல்ல. நல்லா ஓடுது."

"பெறவு?"

வீட்டிலிருந்து நாலு வாக்கியம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். ஒன்றும் வரவில்லை. "ஒன் தோள வெட்டுனது நான்தான்" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? எதுக்க நின்னவன் நான்லா."

"சாமின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். சாமி இல்ல. எனக்கு நோய். அன்னைக்கு நான் நோயில இருந்தேன்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். முகம் ஒரு மாதிரியாகப் போனது. எழுந்து கடையின் பின்பக்கம் போய்விட்டான். முகத்தில் தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"பதினோரு மாசமாண்ணே" என்றான். "நீ சாமிதான் வெட்டுச்சுன்னு சொல்லும்போதெல்லாம் நான் யோசிப்பேன். சாமியே வெட்டுத அளவுக்கு நான் என்ன பாவம் பண்ணுனேன்னு. அம்மாவக் கடைசியில நான் சரியாப் பாக்கலயோ, கோயில் வரி லேட்டாக் கொடுத்தேனோன்னு. எம் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல. ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டே கெடந்தேன்."

அரிவாள் ஒரு தடவைதான் விழுந்தது. நான் சொன்ன வார்த்தை இந்தப் பதினோரு மாதமும் அவன்மேல் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. சாமி என்று சொல்லிவிட்டால் என் பாரம் குறைந்தது. அது எங்கே போய் இறங்கியது என்று நான் பார்க்கவே இல்லை.

"நீ ஒண்ணும் பண்ணலடா" என்றேன். "ஒண்ணுமே பண்ணல."

கிளம்பும்போது, தோளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிறார்களாம், டாக்டரம்மா எழுதித் தருவார் என்றேன். பார்ப்போம் என்றான்.

தூக்கம் 8. மாத்திரை போட்டேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

விரதம் ஆரம்பம், இருபத்தொரு நாள். ஆடலாம் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. மே ஆறாம் தேதி ரத்தப் பரிசோதனை, அதன் பிறகுதான் பேச்சு. ஆனால் செவ்வாயன்று விரதத்தைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டார். எங்கள் வழக்கம் ஒரு வேளைச் சாப்பாடு, உப்பில்லாத சோறு. உப்பு என்றதும் கையைக் காட்டி நிறுத்தினார். நான் சாப்பிடும் லித்தியம் மாத்திரையும் ஒரு வகை உப்புதானாம். சாப்பாட்டில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் அது ரத்தத்தில் ஏறி விஷமாகிவிடுமாம்.

காலையில் கோயில் முன்னால் சங்கிலி அண்ணன் காப்புக் கட்டும்போது எல்லாரும் கேட்கச் சொன்னார். "இவன் விரதம் இதுதான். மூணு வேளைச் சாப்பாடு, உப்புப் போட்டு. கறி இல்ல, சாராயம் இல்ல, கோவம் இல்ல. ஒம்பது மணிக்குப் படுக்கணும். ரெண்டு வேளை மாத்திர. ஒரு வேளை தவறினாலும் விரதம் முறிஞ்சதா அர்த்தம். அப்புறம் ஆட்டம் கெடையாது."

யாரோ பின்னாலிருந்து முனகினார்கள். "சாமிக்குப் பொறுக்காதுன்னா சாமி எங்கிட்ட வந்து கேக்கட்டும்" என்றார் அண்ணன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

புது மாத்திரையில் நாக்கு தடித்த மாதிரி இருக்கிறது. காலையில் முப்பிடாதி எழுப்பினால்தான் எழுகிறேன். வால்வு திறக்க இன்று பத்து நிமிடம் தாமதம். வேப்பங்கொழுந்து சாதாரணமாக இருக்கிறது.

தூக்கம் 9. மாத்திரை போட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் இரவு வேட்டையைப் பற்றிப் பேச்சு வந்தது. கொடை இரண்டு நேரம். மத்தியானம் ஆட்டம். நடு இரவில் சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்குப் போக வேண்டும். எல்லாரும் எல்லையில் நின்றுவிடுவார்கள், அவர் தனியாக உள்ளே போய்வருவார். ஊர் மதிப்பதே அதைத்தான். டாக்டர் அதற்கு முடியாது என்றுவிட்டார். ஒரு ராத்திரி தூக்கம் கெட்டால் எனக்கு மறுபடியும் தொடங்கிவிடும். "மத்தியானம் வேணா யோசிக்கலாம். ராத்திரி ஒங்க மாத்திரைக்கும் தூக்கத்துக்கும் உள்ளது."

அந்த வேட்டையை விட்டுக்கொடுப்பது எனக்கு லேசாக இல்லை. இரண்டு நாள் யார் முகத்திலும் விழிக்கவில்லை. எங்கள் தலைமுறையில் பந்தம் பிடிக்க உரிமை உள்ளவன் இன்னும் ஒருவன்தான். சங்கிலி அண்ணன் கேட்கிறேன் என்றார். வேண்டாம், நானே கேட்கிறேன் என்றேன்.

கடைக்குப் போய்க் கேட்டேன். சொரிமுத்து கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டு, "வலது கை நல்லாத்தான இருக்கு" என்றான்.

மே 6, செவ்வாய்

ரத்தத்தில் அளவு சரியாக இருக்கிறது. டாக்டர் நோட்டு முழுவதையும் படித்தார். பொய் எழுதிய பக்கங்களில் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த ஏப்ரல் மூணாம் தேதி எழுதுனது நல்லாருக்கு. வேப்பங்கொழுந்து" என்றார்.

"அப்படி இனிமே தெரியாதா டாக்டரம்மா?"

"அவ்வளவு பளிச்சுன்னு தெரியாமப் போகலாம். நாக்கு தடிப்பு, தூக்கக் கலக்கம் எல்லாம் கொறையும். இன்னும் ரெண்டு மாசத்துல ஒரு மாத்திரையக் கொறைப்போம்." பொய் சொல்லவில்லை. அதனால் அவரை நம்புகிறேன்.

ஆடலாம். அரை மணி நேரம். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் உப்புப் போட்ட மோர். அரிவாள் கையில் எடுக்கக் கூடாது. பக்கத்தில் முப்பிடாதி நிற்க வேண்டும், அவள் போதும் என்றால் மகுடம் நிற்க வேண்டும். எங்கள் கோயிலில் மகுடத்தை நிறுத்தச் சொல்லும் உரிமை எந்தப் பெண்ணுக்கும் இருந்ததில்லை. சங்கிலி அண்ணன் ஒரு நிமிடம் தலையைச் சொறிந்தார். "சரி, அவதான கேட்டுக்கு வெளிய உக்காந்திருந்தா" என்றார்.

மே 10, சனி

நேற்று கொடை முடிந்தது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மத்தியானம் பன்னிரண்டரைக்கு மகுடம் தொடங்கியது. உள்ளங்காலில் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணை மூடினேன். பந்தலில் எவனோ போன் பேசுவதும், முப்பிடாதியின் வளையல் சத்தமும்கூடக் கேட்டது. ஊரே என்னைப் பார்த்தது. எப்படி ஆடுவது என்று எனக்குத் தெரியும், அதனால் ஆடினேன். சாமி வரவில்லை, நானாகத்தான் ஆடினேன். பாதியில் நிறுத்திவிடலாமா என்று இருந்தது. அப்போது ஒருத்தி குழந்தையைக் கொண்டுவந்து காலடியில் போட்டாள். குனிந்து எடுத்துத் திருநீறு வைத்தேன். குழந்தை என் மூக்கைப் பிடித்து இழுத்தது. அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்து ஐந்து நிமிடம், முப்பிடாதி சொல்வது இருபது நிமிடம். அவள் "போதும்" என்றாள். மகுடம் நின்றது. நானும் நின்றேன். உடம்பு முழுக்க வியர்வை, உள்ளே அமைதி. சங்கிலி அண்ணன் மோரை நீட்டினார். அப்பாவைப் போல ஒரு செம்பு மோரையும் குடித்தேன்.

வந்தது எது என்று எனக்குத் தெரியாது. போய்விட்டது என்பது தெரியும்.

சாயங்காலம் பந்தத்தை சொரிமுத்துவின் கையில் கொடுத்தேன். ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து, மாத்திரை போட்டுப் படுத்தேன். தூரத்தில் மகுடம் கேட்டுக்கொண்டே இருந்தது. தூங்கிவிட்டேன்.

இன்று காலை வால்வு திறந்துவிட்டு வரும்போது, தொட்டிப் படியில் சொரிமுத்து உட்கார்ந்திருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, வேட்டியில் பந்தத்தின் எண்ணெய். நெற்றித் திருநீறு இன்னும் அழியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஊரே பேசுதுடா. நேரா உள்ள போனியாம். திரும்பியே பாக்கலயாம்" என்றேன்.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "ஒன்கிட்ட மட்டும் சொல்லுதேன். யார்ட்டயும் சொல்லிராத. எனக்கு ஒண்ணுமே வரலண்ணே."

"ஒண்ணுமேயா?"

"சாமி கீமி ஒண்ணும் வரல. பயம் மட்டும்தான். திரும்பிப் பாத்தா ஓடிருவேன்னுதான் பாக்கல. உள்ள ஒரு நாய் படுத்திருந்துச்சு. அதப் பாத்து ஆத்தான்னு கத்திட்டேன். வெளிய நின்னவுக சாமி சத்தம் போடுதுன்னு குலவ போட்டுட்டாவ."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவனும் சிரித்தான். தோள் வலித்திருக்கும், வலது கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் முதலில் சும்மாதான் ஆடினேன் என்று சொன்னேன். இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. இன்னும் அதிகமாகச் சிரித்தோம். குடத்தோடு வந்த பெண்கள் எங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"அடுத்த வருசம் ஒனக்குத் தொணைக்கு எல்ல வரைக்கும் வரட்டா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்ணே" என்றான். "நீ தூங்கு. நான் பயந்துக்கிட்டே போயிட்டு வந்துருதேன்."